பாதியில் புகுந்து முடிப்பவர்கள்

"மாடியில பேச்சு சொல்லிக் குடுக்கிறாங்களாம். அந்தப் பொண்ணே வாயைத் தொறக்க மாட்டேங்குது!"

தாம்பரம் மேற்கில், எங்கள் பேச்சுப் பயிற்சி மையத்துக்குக் கீழே உள்ள டீக்கடையில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது இது. அந்தப் பொண்ணு நான்தான். மற்றவர்களைப் பேச வைப்பது என் தொழில். ஷேர் ஆட்டோவில் "இங்கே நிறுத்துங்க" என்று நான் சொல்வதற்குள் இறங்க வேண்டிய இடம் போய்விடும். அப்படித் தாண்டி இறங்கித் திரும்பி நடந்தவர்கள் மேலே படியுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

நாயா, பெரியப்பாவா?

பெஞ்சமினை அவருடைய அம்மா அழைத்து வந்தார். ஊரப்பாக்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை. "என்ன வேலை பண்றீங்க?" என்று பெஞ்சமினைக் கேட்டேன். அம்மா பதில் சொன்னார். "எப்போதிலிருந்து திக்குது?" அம்மா. "தண்ணி குடிக்கிறீங்களா?" "வேணாம் மேடம், இப்பதான் குடிச்சான்."

"சின்ன வயசுல நாய் துரத்துச்சு. கேட்டைத் தொறந்து விட்டது நான்தான்" என்று அந்த அம்மா, இனி எனக்கு ஆன்ட்டி, கண் கலங்கினார். நாயாலும் வராது, வளர்ப்பாலும் வராது என்றேன். பேச்சை நடத்தும் மூளைப் பாதைகள் சிலருக்குச் சற்று வேறு விதமாக அமைந்துவிடுகின்றன. பல குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். பயமும் அவசரமும் திக்கலைக் கூட்டலாம், அவ்வளவுதான். "வீட்டுல வேற யாருக்காவது உண்டா?" என்று கேட்டேன்.

"இவனோட பெரியப்பாவுக்கு" என்ற ஆன்ட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அப்போ இது என் வீட்டுக்காரர் பக்கத்துச் சொத்து. இருங்க, போய்ப் பேசிக்கிறேன்."

அருண் சார்

வராத சொல்லுக்குப் பதில் வேறு சொல்லைப் போட்டுச் சமாளிப்பது திக்கிப் பேசுபவர்கள் பலரின் வழக்கம். சொந்தப் பெயருக்குத்தான் மாற்று கிடையாது. பெஞ்சமின் அதையும் மாற்றியிருந்தார். தண்ணீர் கேன் போடுபவர், கூரியர்காரர் எல்லோருக்கும் அவர் 'அருண்'. சுலபமாக வருகிறதாம்.

ஆனால் சர்ச்சில் அது நடக்காது. கல்யாணத்தன்று பாஸ்டர் சொல்லச் சொல்ல, "பெஞ்சமின் ஆகிய நான்" என்று மாப்பிள்ளை சபை முன்னால் மைக்கில் சொல்ல வேண்டும். அவர் என்னிடம் வந்ததே அதற்காகத்தான். நிச்சயித்த பெண் ஷீபா இவர் வீட்டுக்கு வந்திருந்தபோது வாசலில் குரல் கேட்டது: "அருண் சார், கேன் வந்துகீது!" விஷயம் வெளியே வந்தது. ஷீபா கேட்டாளாம்:

"ஆல்டர்ல, பாஸ்டர் முன்னாடி யாரு நிப்பாங்க, அருணா பெஞ்சமினா? கார்டு அடிக்கணும்."

பரோட்டா

பெஞ்சமினுக்குப் பிடித்தது பரோட்டா. வாயில் வருவது தோசை. அதனால் கடைக்குப் போனால் தோசைதான் சாப்பிடுவார். ஒரு நாள் பயிற்சிக்காகக் கடைக்கே அழைத்துப் போனேன். திக்கலை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். சப்ளையரிடம் அவரும் சொன்னார்: "எ-எனக்குத் திக்கும், கொஞ்சம் டைம் குடுங்க."

சப்ளையர் மேஜையைத் துடைத்தபடியே சொன்னார்: "நீ நிதானமா சொல்லு தலைவா. பரோட்டாவுக்கு மாவே இன்னும் பிசைஞ்சுகினு கீறாங்க."

ஆன்ட்டிக்கு வீட்டுப்பாடம்

உண்மையில் கடினமான மாணவி ஆன்ட்டிதான். "மெதுவா பேசு", "மூச்சு விடு" என்று சொல்லக் கூடாது. மகனின் வாக்கியத்தை முடித்து வைக்கக் கூடாது. முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்றேன். "நான் டீச்சராச்சே, மேடம். பிள்ளைங்க முழிச்சா எடுத்துக் குடுத்தே பழகிட்டேன்" என்றார். அடுத்த வாரம் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஆன்ட்டி பெருமையாக மகனைப் பார்த்தார்.

பெஞ்சமின் சொன்னார்: "இப்ப அம்மாகிட்ட ச-சத்தமே வர்றதில்ல மேடம். உதடு மட்டும் அசையுது."

மைக்

கல்யாணத்தில் ஆன்ட்டி என்னைப் பிடித்து முன் வரிசையில் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். பாஸ்டர் முதல் வரியைச் சொன்னார். மைக் பெஞ்சமினிடம் வந்தது. உதடு ஒட்டியது, திறக்கவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல ஷீபா நிதானமாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் பக்கத்தில் ஆன்ட்டியின் உதடு அசையத் தொடங்கியது. பாஸ்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஆன்ட்டி பட்டுப்புடவை முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார்; "பெ-பெ-பெஞ்சமின் ஆகிய நான்" என்று மகன் தானே சொல்லி முடிக்கும்வரை எடுக்கவில்லை.