வீட்டோட மாப்பிள்ளையாக வந்த குதிரை

“நாடு பூராவும் இருந்து ரயிலேறி வந்து, திருநள்ளாத்துக் குளத்துல முங்கி, சனியனத் தலைமுழுகிட்டுப் போறானுவ. நீ ஒருத்தன்தான்டா அத வண்டி வச்சு வீட்டுக்கு ஏத்திக்கிட்டு வந்திருக்க.”

குதிரையைப் பார்த்ததும் அப்பா சொன்னது இதுதான். குதிரை அப்போது குட்டியானை வண்டியின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தது. நின்றது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மயக்க ஊசியின் மிச்சத்தில், கல்யாண வீட்டு மாடியிலிருந்து காலையில் இறங்கி வரும் பெரிய மனிதர்களைப் போல, நான்கு காலும் நான்கு பக்கம் போய்விடாமல் சமாளித்துக்கொண்டிருந்தது.

நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்தேன். எங்கள் ஆட்டுக்கு வயிறு ஊதிவிட்டதென்று காரைக்கால் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே வேப்பமரத்தடியில் இது கட்டிக் கிடந்தது. பழுப்பு நிறம். துருத்திய விலாவெலும்பு. மூக்கின்மேல் கயிறு அறுத்த புண். கல்யாண ஊர்வலத்துக்கென்று யாரோ சந்தையில் வாங்கிய இளங்குதிரை. ஒரு பழக்கமும் பழக்காமல் நெற்றியில் ஜிகினா கட்டி, மேலே மாப்பிள்ளையை ஏற்றி, மேளத்துக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். முதல் சரவெடிக்கே மாப்பிள்ளையை வாய்க்காலில் கொட்டிவிட்டு ஓடிவிட்டது. மாப்பிள்ளையைத் தேட ஆள் போனது. குதிரையைத் தேடி ஒருத்தரும் வரவில்லை.

“தம்பி, நீங்க படிச்சவங்க மாதிரி தெரியுது. வீட்ல இடம் இருந்தா இதைக் கொஞ்ச நாள் வச்சுப் பாத்துக்க முடியுமா?” என்றார் டாக்டரம்மா.

இங்கேதான் விழுந்தேன். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தவன் என்று யாராவது சொல்லிவிட்டால் யானையைக்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். “விலங்கியல், மேடம்,” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அந்தப் படிப்பில் நான் தொட்ட மிகப் பெரிய விலங்கு கரப்பான்பூச்சி. அதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் பட்டினச்சேரியில் எதையாவது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், தெரிந்த வழி ஒன்றுதான். கயிறு கட்டி இழுப்பது. வலை, படகு, மணலில் மாட்டிய வண்டி, புயலில் சாய்ந்த பந்தல், எதுவானாலும் சரி. யாராவது “புடிடா” என்றால் டீக்கடையில் இருப்பவர்கூட கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்து கயிற்றில் கை வைப்பார். எதை இழுக்கிறோம் என்று பிற்பாடு விசாரித்துக்கொள்வார். இழுக்கிறபோது கயிறு தளரக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். தளர்ந்தால் கரைவலையின் வாய் தொங்கிவிடும், மீன் போய்விடும். அப்பாவின் உள்ளங்கையில் ஒரு தழும்பு ஓடும். என்றோ கயிறு அறுத்துக்கொண்டு போனபோதும் விடாமல் பிடித்திருந்ததன் தழும்பு. என் சான்றிதழை நான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அவர் தன்னுடையதைக் கையிலேயே வைத்திருக்கிறார்.

வண்டியிலிருந்து குதிரையை இறக்கியதும் அந்த முறையில்தான். கழுத்தில் நைலான் கயிற்றைப் போட்டு, வரிசையாக நின்று, பாட்டுச் சொல்லி இழுத்தோம். விலங்கியல் பட்டதாரி வரிசையில் முதல் ஆள். வலைக்கு முன்னங்கால் கிடையாது. இதற்கு இருந்தது. ஊன்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுத்தது. பாட்டு வேகமெடுக்க வேகமெடுக்க அதன் கண்ணில் வெள்ளை பெருகியது. கயிறு அறுந்தது. நாங்கள் ஒருவர்மேல் ஒருவராக மணலில் சரிந்தோம். அது வண்டியிலிருந்து குதித்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, திறந்து கிடந்த எங்கள் வலைக் கொட்டகைக்குள் ஓடிப் புகுந்துகொண்டது.

“வந்துடுச்சில்ல? இழுத்தாத்தான்டா வரும்,” என்றார் அப்பா, வாயிலிருந்த மணலைத் துப்பிக்கொண்டே.

அன்றிலிருந்து கயிற்றைக் கண்ணால் கண்டாலே சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. வலைக் கொட்டகையில் கயிறில்லாத மூலை ஏது? அப்பா முனகிக்கொண்டே சாமான்களை எல்லாம் வெளியில் எடுத்துப் போட்டார். அதற்கு நிழல், பச்சைப் புல், ஊறவைத்த கொள்ளு, வேளாவேளைக்குத் தண்ணீர். வேலை ஒன்றுமில்லை. யார் எதிரில் போனாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

“நல்லா வந்து வாச்சான் பாரு, வீட்டோட மாப்பிள்ள,” என்றாள் அம்மா. அதுவே பேராகிவிட்டது.

எங்கள் ஊருக்கு ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை உண்டு. மாசி மகத்துக்குக் கடலாட வரும் பெருமாள். எங்கள் மீனவக் குலத்துப் பெண்ணைக் கட்டியவர் என்று ஐதீகம், அதனால் எங்கள் ஆட்களுக்கு அவர் மாப்பிள்ளை முறை. “மாப்ளே” என்று உரிமையோடு கூப்பிட்டுத்தான் வரவேற்பார்கள். அவர் கடற்கரைக்கு வரும் பாதை எங்கள் கொட்டகையை ஒட்டியே போகிறது. மேளம், வெடி, காலில் கால் படும் கூட்டம்.

பஞ்சாயத்தார் ஒருவர் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். கெட்டவர் இல்லை. எதையும் சுருக்கமாக முடிக்கிறவர்.

“தம்பி, திருவிழாவுல இது மெரண்டு ஓடுச்சுன்னா புள்ளகுட்டிய மிதிச்சுப்புடும். சாமி வர்றதுக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது.”

“எங்கங்க கொண்டுபோறது?”

“சவுக்குத் தோப்புல கொண்டுபோய்க் கட்டிக்க. வேணாங்கல. ஆனா ஒழுங்கா நடத்திக் கொண்டுபோவணும். முடியலன்னா சொல்லு, தெரிஞ்ச யாவாரி ஒருத்தன் இருக்கான். லாரியோட வருவான்.”

அந்த லாரி எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. காலைக் கட்டித் தூக்கிப் போட்டுக்கொள்வான். போய்ச் சேரும்போது உயிரோடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட அவனுக்கு இல்லை. டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். “இன்னொரு மயக்க ஊசிய இது தாங்காது தம்பி. நடக்கப் பழக்குங்க. வேற வழி இல்ல.” ஆக, கயிற்றைக் கண்டால் நடுங்குகிற குதிரை மகத்துக்குள் கயிற்றில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் லாரி.

படித்தவன் என்ன செய்வான்? வீடியோ பார்ப்பான். அதில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், குதிரை இருக்கும் இடத்தில் சும்மா உட்கார்ந்து அமைதியான குரலில் பேசிக்கொண்டிருக்கச் சொன்னார். குதிரையிடம் பேச எனக்கு என்ன சங்கதி இருக்கிறது? போட்டித் தேர்வுப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொட்டகைக்குள் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் வந்தபோது ஒரு காது என் பக்கம் திரும்பியது. ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்ததும் நின்றபடியே தூங்கிவிட்டது. அந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே ரகம்.

அப்பா எட்டிப் பார்ப்பார். “இது எந்தப் பரிச்ச எழுதப்போவுது? இதுக்காச்சும் வேல கெடைக்குமா?”

மெல்ல மெல்ல என் கையிலிருந்து புல் தின்றது. பிறகு கழுத்தைத் தொடவிட்டது. கொள்ளுச் சட்டிக்குப் பக்கத்தில் கயிற்றைச் சும்மா போட்டுவைத்தேன். கயிறு தன்னை ஒன்றும் செய்யாமல் கிடக்கிறது என்று தெரிந்த பிறகு, முதுகில் போட்டேன். அப்புறம் மூக்குப் புண்ணில் உரசாதபடி பஞ்சுத் துணி சுற்றித் தலைக்கயிறு மாட்டினேன். அதற்கு மேல் பாடம் ஒன்றுதான். கயிற்றை லேசாக இழு, அது அரை அடி எடுத்து வைத்தாலும் போதும், உடனே தளர்த்திவிடு.

சொல்வதற்குச் சின்ன விஷயம். என் கை கேட்கவில்லை. அது எங்கள் வீட்டுக் கை. தளர்ந்த கயிறு தட்டுப்பட்டால் தானாகவே சுருட்டி இழுக்கும். குதிரை நம்பி ஓரடி வைக்கும், நான் இன்னும் இழுப்பேன், அது பின்னால் போய்ச் சுவரில் மோதும். குதிரையைவிட எனக்குத்தான் பழக்கம் வேண்டியிருந்தது. கடைசியில், சூடான டீக் கிளாஸைப் பிடிக்கிற மாதிரி கயிற்றை இரண்டு விரலால் மட்டும் பிடித்தேன். அப்போதுதான் விளங்கியது, எனக்கும் அதற்கும். கயிறு விறைத்தால் நட. தளர்ந்தால் நில், ஒன்றும் ஆகாது.

அப்பாவால் அந்தக் காட்சியைச் சகிக்க முடியவில்லை. “கயிறு தரையில பொரளுதுடா! பாக்கவே அசிங்கமா இருக்கு.” ஊரில் யாராவது பார்த்தால் மானம் போய்விடும் என்று கொட்டகை வாசலில் தார்ப்பாயைத் தொங்கவிட்டார்.

அம்மா இந்தப் படிப்பு எதிலும் கலந்துகொள்ளவில்லை. மீன் விற்றுவிட்டு வந்ததும், நிழலாக இருக்கிறதென்று கொட்டகைக்குள் குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வீட்டுக்கு வைத்திருக்கும் மீனை அரிவாள்மனையில் ஆய்வாள். ஆய்கிற நேரம் முழுக்கத் திட்டுவாள். பேரம் பேசிக் கழுத்தறுத்த அம்மாக்கள், பாதி ஐஸ் கொடுத்த ஐஸ்காரர், அப்பா, நான், குதிரை, எல்லோருக்கும் ஒரே சுருதி. “கொள்ளு என்னா வெல விக்கிது தெரியுமா ஒனக்கு? தின்னுப்புட்டு மொறைக்கிறதப் பாரு.” ஒருநாள் பார்க்கிறேன், அவள் கொண்டைமேல் தாடையை வைக்காத குறையாக அது பாதிக் கண்ணை மூடி நிற்கிறது. அம்மா திட்டைக் கேட்டுக்கொண்டே தூங்கி வளர்ந்தவன் நான். எனக்கு அதிசயமாகத் தெரியவில்லை.

“எட்டிப் போ சனியனே, மேல மூச்சு விடாத,” என்றாள் திரும்பாமலே. அது நகரவில்லை. அவளும் நகரவில்லை.

மகத்துக்கு முந்தின நாளே கிளம்பினேன். எதிரில் கட்டியிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்துவிட்டு குதிரை வாசலைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டது. மறுநாள் காலையில் தாண்டியது. தெரு முனையில் லாரி வந்து நின்றிருந்தது. “கூட்டம் சேர்றதுக்குள்ள முடிச்சிடு தம்பி. இப்ப விட்டா லாரிதான்,” என்றார் பஞ்சாயத்தார்.

நடந்தது. இரண்டு விரலில் கயிறு, கயிற்றில் குதிரை. கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகளைத் தாண்டினோம். தோப்பின் பச்சை தெரிய ஆரம்பித்தது. சாமி வர இன்னும் நேரமிருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். வெடி போடுகிறவர்களுக்குப் பொறுமை இல்லை. ஒரு சரத்தைக் கொளுத்திப் பார்த்துவிட்டார்கள்.

குதிரை இரண்டு காலில் எழும்பியது. நான் கற்ற கல்வி அத்தனையும் அந்த நொடியில் போயே போய்விட்டது. குதிகாலை மணலில் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தேன். பின்னாலேயே வந்துகொண்டிருந்த அப்பா பாய்ந்து கயிற்றில் கை வைத்தார். “புடிடா!” என்று எவனோ கத்தினான். அது போதுமே. பந்தலில் இருந்தவர்கள், டீக்கடையில் இருந்தவர்கள், பொங்கல் தொன்னையை வாயில் கவ்விக்கொண்டு ஒருவர், எல்லோரும் கயிற்றில். முதல் நாள் வரிசை அப்படியே திரும்ப நின்றது. அதே வெள்ளை கண்ணில் பெருகியது. பின்னாலேயே மணலில் லாரியை ஓட்டி வந்திருந்த லாரிக்காரன் தன் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான்.

“விடுப்பா!” என்று கத்தினேன்.

“பைத்தியமாடா? கூட்டத்துல பூந்துடும்!”

“தளத்துனா நின்னுடும்ப்பா! விடு!”

என் கையை எடுத்துவிட்டேன். அப்பா என்னைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். பிறகு திரும்பி, கடலில் காற்றை மீறிக் கூப்பிடுகிற குரலில் கத்தினார்: “விடுங்கடா கயித்த!”

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை ஊரே கேட்டதில்லை. அதிர்ச்சியில் எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

கயிறு மணலில் விழுந்தது. குதிரை தடதடவென்று பின்னால் போனது. கயிறு தளர்ந்து கிடந்தது. நின்றது. நான்கு காலும் வெடவெடக்க, மூக்கு விரிய, ஆனால் நின்றது.

அப்போது பார்த்து, விற்று முடித்த வெறும் அன்னக்கூடையோடு அம்மா வந்தாள்.

“சாமி வர்ற பாதையில என்னடா கூத்து அடிக்கிறீங்க? யோவ், வயசாச்சே, ஒனக்காவது அறிவு வேணாம்? வெடிய வச்சவன் எவன்டா? ஒங்க வீட்டுக் கூரையில வையிடா!” ஒரே சுருதியில் திட்டிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தாள். குதிரையின் காது திரும்பியது. தலை இறங்கியது. தானாக நடந்துபோய் அவள் கொண்டைக்குப் பின்னால் நின்றுகொண்டது.

“வந்து தொல,” என்று சொல்லிவிட்டு அவள் தோப்பைப் பார்த்து நடந்தாள். மாப்பிள்ளை பின்னால் போனார். நான் கயிற்றின் நுனியை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டேன். கூடவே வந்த அப்பா, தரையில் இழுபடும் கயிற்றைப் பார்த்து அடிக்கடி குனிந்தார், கையை இழுத்துக்கொண்டார்.

தோப்பில் சவுக்கு மரத்தில் கட்டிய பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்: “கையில எண்ணெ இருந்துச்சு, வழுக்கிடுச்சு. நான் ஒண்ணும் விடல.”

திரும்பும்போது லாரி மணலில் புதைந்து கிடந்தது. ஊரே சேர்ந்து கயிறு கட்டி, பாட்டுச் சொல்லி, சந்தோஷமாக இழுத்து ரோட்டில் ஏற்றி அனுப்பியது. பாவம், அவர்களுக்கும் இழுக்க ஏதாவது வேண்டாமா?

திருவிழா முடிந்து குதிரை கொட்டகைக்கே வந்துவிட்டது. பஞ்சாயத்தார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “இவ்வளவு சாதுவாயிடுச்சே, அடுத்த மகத்துக்கு அலங்காரம் பண்ணி சாமிக்கு முன்னால நடக்க விடலாமே?”

அம்மா மீன் செதிலைச் சீவிக்கொண்டிருந்தாள். கொண்டைக்கு மேலே அது தூங்கிக்கொண்டிருந்தது.

“அதெல்லாம் வேணாம்ங்க. வருசத்துக்கு ஒருக்கா வர்ற மாப்பிள்ளைக்கு முன்னால வீட்டோட மாப்பிள்ளைய நடக்கவிட்டா, யாருக்கு மரியாதன்னு ரெண்டு பேருக்கும் சண்ட வந்துடும். அப்புறம் நாந்தான் ரெண்டு பேரையும் திட்டணும்.”