வாகரைக்குக் கொண்டுபோன தீர்ப்பு

1. கடதாசி கொண்டுபோகிறவன்

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் கடன் கம்பனிகள் வாகரைக்குப் போயின. கொஞ்சக் காலத்தில் அவை போட்ட வழக்குகளோடு நானும் போகத் தொடங்கினேன். மட்டக்களப்பில் எனக்குப் பிஸ்கால் வேலை. நீதிமன்றத்தின் அழைப்பாணையையும் தீர்ப்பையும் வீடு தேடிப் போய் உரியவர் கையிலேயே கொடுக்க வேண்டும்.

தூரத்து ஊர்க் கடதாசிகளை மற்றவர்கள் தட்டிக்கழிப்பார்கள். நான் கேட்டு வாங்குவேன். சுனாமி என் மனைவியையும் கடற்கரை வீட்டையும் கொண்டுபோன பிறகு ஆரையம்பதியில் ஓர் அறை எடுத்திருந்தேன். அங்கே நேரத்தோடு திரும்பிப் போய்ச் செய்ய எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

2. பெல்ட்

ஒருநாள் யோகேஸ்வரி என்ற பெண்ணுக்கு எதிரான தீர்ப்பு என்னிடம் வந்தது. அவள் கோட்டுக்கு வராததால் கம்பனிப் பக்கம் மட்டும் கேட்டுக் கொடுத்த தீர்ப்பு.

அவளுடைய தகரக் கொட்டிலுக்குள் மாவரைக்கும் மெசின் ஒன்று துணியால் மூடிக் கிடந்தது. புருஷன் இடம்பெயர்வில் காணாமல் போனவர். மெசின் வாங்கியது குழுக் கடனில். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை.

"நீங்களும் அவங்கட ஆளா?" என்று கேட்டாள்.

"இல்ல தங்கச்சி, நான் கோட்டு."

அவள் மெசினைக் காட்டினாள். "தவணை பிந்தினதெண்டு பெல்ட்டைக் கழட்டிட்டுப் போயிட்டான் ஐயா. பெல்ட் இல்லாம மெசின் ஓடுமா? ஓடாட்டி நான் எதால கட்டுற?"

கழற்றிக்கொண்டு போனவன் கம்பனிக்குக் கடன் அறவிடும் ரிக்கவரி ஒபிசர். அதற்கு முதலே அவன் குழுவின் மற்ற நான்கு பெண்களையும் இவளுடைய முற்றத்தில் கொண்டுவந்து இருத்தியிருக்கிறான். "இவ கட்டும் மட்டும் ஒருத்தரும் வீட்ட போகேலாது." உலை வைக்காமல், பிள்ளைகளைப் பார்க்காமல் அவர்கள் பொழுதுபட இருந்தார்கள். கிழமைக்குக் கிழமை இதே கதை. கடைசியில் அவர்களுக்கு அவன்மேல் இருந்த கோபத்தைவிட இவள்மேல் கோபம் கூடிவிட்டது. ஒருத்தரும் இவளோடு கதைப்பதில்லை.

தீர்ப்பைக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"வழக்கா? எப்ப போட்ட?"

"அழைப்பாணை உங்கட கையில குடுத்ததெண்டு இரிக்கே."

"என்ட கையிலயா?" திகதியைப் பார்த்தாள். "அந்த நேரம் நான் பெரியாஸ்பத்திரியில. வயித்தில ஒப்பரேசன். பாக்கக்கூட ஆள் வரல்ல. எனக்கு ஆர் கொண்டுவந்து தந்த?"

இரண்டு கிழமைக்குள் கோட்டுக்கு வந்து இதையே சொல்ல வேண்டும், அங்கே இருந்ததைக் காட்டும் ஆஸ்பத்திரித் துண்டைக் கொண்டுவர வேண்டும், இலவசமாக வழக்குப் பேசச் சட்டத்தரணி இருக்கிறார் என்று சொன்னேன். அதற்குமேல் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போது பக்கத்து வேலியருகில் நின்ற பெண் கைகாட்டிக் கூப்பிட்டாள். பெயர் பாக்கியம். குழுவில் ஒருத்தி.

"அந்தக் கடதாசியை நான்தான் வாங்கின," என்றாள்.

அழைப்பாணை கொண்டுவந்த வேறொரு பிஸ்கால் கம்பனி வானில்தான் வந்திருக்கிறார். ஆளைக் காட்டித் தந்தவன் அதே ரிக்கவரி ஒபிசர்.

"'நான்தான் யோகேஸ்வரி எண்டு சொல்லி வாங்கு, இனி உன்னை முற்றத்தில வந்து இரிக்கச் சொல்லமாட்டன்' எண்டு காதுக்குள்ள சொன்னான். ஓம் எண்டு வாங்கி அடுப்பில போட்டுட்டன். என்னை மறியல்ல அடைப்பாங்களா ஐயா?"

"தெரியாது. கோட்டில வந்து சொன்னா அவவுக்கு உதவி."

அவள் உள்ளே போய்விட்டாள்.

3. கோட்டில்

விசாரணை நாளில் யோகேஸ்வரி விடிய வந்த பஸ்ஸில் தனியாக வந்து மர வாங்கின் ஓரத்தில் இருந்தாள். கம்பனிச் சட்டத்தரணி, இவர் அழைப்பாணையை வாங்கிவிட்டு வேண்டுமென்றே வராமல் விட்டவர் என்றார். இவள் ஆஸ்பத்திரித் துண்டை நீட்டினாள். வாங்கியது வேறு யார் என்று கேட்டபோது, தெரியாது என்றாள். பாக்கியம் சொன்னது நான் கேட்டறிந்தது மட்டும்தான், அது சாட்சியாகாது. அதைச் சொல்ல வேண்டியவள் வாசலில் தென்படவில்லை.

வழக்குத் தள்ளிப்போகும் என்று நினைத்த நேரத்தில் பாக்கியம் வந்தாள், முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு. கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏன் அப்படிப் பொய் சொன்னீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"என்ட புள்ளைகள் பசியோட இரிந்த ஐயா."

நீதிபதி அவளை எச்சரித்து அனுப்பினார். தீர்ப்பை நீக்கினார். ரிக்கவரி ஒபிசரை நேரில் வந்து விளக்கம் சொல்லச் சொன்னார். அடுத்த வழக்குத் தவணையில் கம்பனி இணக்கத்துக்கு வந்தது. தண்டம் தள்ளுபடி, சிறு தவணைகள், பெல்ட்டும் திரும்பியது.

அன்று பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் இரண்டு பேரையும் கண்டேன். யோகேஸ்வரி ஒரு முனையில், பாக்கியம் மறு முனையில். வாகரை பஸ் வந்ததும் ஒருத்தி முன்கதவால் ஏறினாள், மற்றவள் பின்கதவால்.

பிறகு வேறொரு கடதாசியோடு அந்தப் பக்கம் போனேன். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. பாக்கியம் அரிசியோடு நின்றாள். யோகேஸ்வரி அரைத்துக் கொடுத்தாள், பாக்கியம் காசை வைத்துவிட்டுப் போனாள்.

"கதைக்கிறாவா?" என்று கேட்டேன்.

"வாறா," என்றாள் யோகேஸ்வரி. "கதைக்க இன்னும் ரெண்டு பேருக்கும் வாய் வரல்ல."

இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கடதாசியை நீட்டுமுன் அடையாள அட்டையைப் பாருங்கள். வழக்குத் திகதியை வாயால் சொல்லுங்கள். ஆள்காட்ட வருகிறேன் என்று கம்பனிக்காரன் வானைத் திறந்தால் ஏறாதீர்கள். வழி தெரியாவிட்டால் கேட்டுக் கேட்டுப் போங்கள். நீண்ட பாதை, பேச்சுத்துணை இருக்காது. ஆனாலும் தனியாகவே போங்கள்.