கல்லாற்றில் பிடித்த சத்தம்

மூடுபனி இறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கொல்லிமலையில் நான் செவிலியராக வேலை பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு. அதன் பின்வாசலில் மூன்று ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் முக்காலி மேல் சின்னதாக ஓர் ஒலிபெருக்கி. அதற்குள்ளிருந்து ஒரு நீராவி எஞ்சின் மூச்சு வாங்கியபடி ஏதோ ஒரு மலையில் ஏறிக்கொண்டிருக்கிறது. பனி எல்லாவற்றையும் மறைத்துவிட்டதால் அந்தச் சத்தம் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறதா, சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னாலிருந்து வருகிறதா என்றே எனக்குப் பிடிபடவில்லை. வேலிக்கு அப்பால் மிளகு பறித்துக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க சிஸ்டர், உள்ள பூசை நடக்குதுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, முடியற வரைக்கும் பேசக் கூடாதுங்க" என்றேன். அவர் மரியாதையாகத் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்த மூவரில் ஒருவர் எங்கள் மருந்தாளுநர். எல்லோருக்கும் அவர் சார். ஈரோட்டுப் பக்கம் ரயில் பாதையோரம் வளர்ந்தவர். நீராவி எஞ்சின்கள் ஓய்ந்த காலத்தில் நெருங்கிய சொந்தம் ஊரைக் காலி செய்துகொண்டு போனதுபோல் ஆகிவிட்டதாம் அவருக்கு. மற்ற இருவருக்கும் அதே பைத்தியம். பைத்தியம் என்பது சாரே சொன்ன வார்த்தை. ஒருவர் சேலத்தில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் ஈரோட்டில் அச்சகம் நடத்துபவர். நானோ இதே மலையின் குண்டனி நாட்டில் பிறந்தவள். செவிலியர் பயிற்சிக்காக மலையை விட்டு இறங்கியபோதுதான் முதன்முதலாக ரயிலையே பார்த்தேன், அதுவும் மின்சார ரயில். தண்டவாளமே இல்லாத மலைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு ஒருவர் ரயிலுக்காக உருகுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கேட்டால், "இங்கதான் சிஸ்டர் வேற வண்டிச் சத்தம் குறுக்க வராது" என்பார். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வளைவில் முனகினால்கூட அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

ரயில் நிலைய வாசல்களில் மேடை கட்டி நிறுத்தி வைத்திருக்கும் பழைய எஞ்சின்களை மூவரும் தேடிப் போய்ப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போவதுபோல் இருக்கும், ஆரஞ்சுப் பழம் வாங்காததுதான் குறை. சக்கரத்தைத் தடவிப் பார்ப்பார்கள். "பெயிண்ட் அடிச்சு அடிச்சே பொம்மையாக்கிப்புட்டாங்க" என்று வருத்தப்பட்டுத் திரும்புவார்கள். உயிருள்ள எஞ்சினைக் கேட்க வேண்டுமென்றால் அவர்களுக்குக் கல்லாறுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் போகும் மலை ரயிலைப் பழைய நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. கல்லாற்றைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். அந்த இடத்தில் பாக்குத் தோப்போரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர்களுக்குத் தேர் பார்க்கிற மாதிரி.

சாரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ராசிபுரத்துக்காரர். எஞ்சின் மேல் அவருக்கு ஒரு பிரியமும் கிடையாது, புருஷன் மேல் கொள்ளைப் பிரியம். ஆகவே புளிச்சோற்றுத் தூக்குச்சட்டியும் குடையுமாக எல்லாப் பயணத்துக்கும் கூடவே போவார். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையைப் பேசிப் பேசியே கரைத்துவிட்டாரோ என்று நான் நினைத்ததுண்டு. தடுப்பூசி நாளில் வேலிப்பக்கம் வந்து நின்றாரென்றால் பைல் நாட்டுச் சம்பந்தத்திலிருந்து எடப்புளி நாட்டு எருமை வரை எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் நகருவார். கொஞ்சம் கரகரத்த குரல். வார்த்தைக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும். மலைச் சனம் அத்தனை பேரும் அவருக்குக் கண்ணுதான், சாமிதான்.

ஒருமுறை என்னையும் கல்லாற்றுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். காலை வெயில் பாக்கு மரங்களுக்கிடையே சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. சார் மைக்கை ஒரு கம்பில் கட்டிப் பாதையோரம் நிறுத்தி, பஞ்சு உறை மாட்டி, குழந்தைக்குக் குல்லா சரிசெய்வதுபோல் அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். அச்சகக்காரர் அப்போதுதான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்த புதியவர். கையில் வெறும் போன். அதை நீட்டிக்கொண்டு, சோறு இருக்கும் இடம் பார்த்து அக்காவின் பக்கத்தில் நின்றார். தூரத்தில் முதல் ஊதல் கேட்டதும் சார் ஆட்காட்டி விரலைத் தூக்கினார். அந்த விரல் தூங்கும் குழந்தைகூட அசையக் கூடாது என்று சொல்லும் விரல். அக்கா மட்டும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. புகை தோப்புக்கு மேல் எழுந்து, வெள்ளையாகச் சுருண்டு, எங்கள் தலைமேல் ஈரமாக இறங்கியது. எண்ணெயும் வெந்நீரும் கலந்த அந்த வாடையில் எனக்கே ஒரு கணம் மயக்கமாகத்தான் இருந்தது. அக்கா அதற்குள்ளும் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்.

மலைக்குத் திரும்பியதும் சார் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அந்தக் கூட்டத்தில் ஒரு பதிவுக்கு மதிப்பு அதன் சுத்தத்தில்தான் இருக்கிறது. காற்று, காக்கை, தேநீர் விற்பவர், மனிதப் பேச்சு எதுவும் விழுந்திருக்கக் கூடாது. விழுந்த இடங்களை அவர் கத்தரித்து எறிவார். பெரும்பாலும் விழுந்திருப்பது அக்காவின் குரல். சுத்தம் செய்த பதிவை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, இடம் அடைக்கிறதென்று முதலில் பிடித்ததை அழித்துவிடுவார். அச்சகக்காரர் தன்னுடைய கல்லாற்றுப் பதிவை ஆசையாகப் போட்டுக் காட்டியபோது, "இது எஞ்சின் பதிவுங்களா, சந்தைக்கடைப் பதிவுங்களா? குப்பைங்க" என்று சார் சொல்லிவிட்டார். பாவம், அந்த மனிதர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அக்காதான், "நீங்க விடுங்க தம்பி, அவருக்குப் புகை தவிர ஒண்ணும் புடிக்காது" என்று தேற்றினார்.

அடுத்த மழைக்காலத்தில் அக்கா போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவரை நாமக்கல்லுக்குக் கொண்டு போனோம். வளைவுகளெல்லாம் என் மடியில்தான் தலை வைத்திருந்தார். திரும்பி வரவில்லை. எத்தனையோ சாவுகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான், இருந்தும் அன்று அழுததுபோல் எங்கள் வீட்டுச் சாவுக்குக்கூட அழுததில்லை. சார் அழவில்லை. வேலைக்கு வந்தார், மாத்திரை எண்ணிக் கொடுத்தார். ஒருநாள் மருந்தறைச் சன்னலுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டார்: "சிஸ்டர், உங்க போன்ல அவ பேசினது ஏதாச்சும் இருக்குங்களா?" என்னிடம் இல்லை. அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார், போனில் பேச என்ன இருந்தது? அவர்கள் கல்யாண வீடியோவிலும் முழுக்கச் சினிமாப் பாட்டுத்தான். தன் பதிவுகளையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டுவிட்டதாகச் சொன்னார். ஒன்றே ஒன்றை எனக்குப் போட்டுக் காட்டினார். ஊதலுக்குச் சற்று முன்னால் "ஏனு" என்று ஒரு குரல், அதோடு சரி. "'ங்க'வைக்கூட விடாம வெட்டியிருக்கறனுங்க" என்றார். அப்படி ஒரு முகத்தை நான் நோயாளிகளிடம்கூடப் பார்த்ததில்லை.

அன்று மாலை பஸ் நிலையம் வரை நடந்து, சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று அச்சகக்காரருக்குப் போன் செய்தேன். "அந்தக் குப்பையவா கேக்கறீங்க?" என்றார். குரலில் பழைய கோபம் கொஞ்சம் மிச்சமிருந்தது. "போன் மாத்தினப்ப எல்லாத்தையும் தூக்கிப் போட்டனுங்க. இருக்குதா இல்லியான்னு பாக்கோணும்." ஏன் கேட்கிறேன் என்று சொன்னேன். "தேடிப் பாக்கறனுங்க" என்றார். அடுத்த இரண்டு நாளும் சாரிடம் வாயைத் திறக்கவே எனக்குப் பயம். இல்லையென்று ஆகிவிட்டால் அவரை இரண்டாம் தடவை யார் தேற்றுவது? மூன்றாம் நாள் மறுபடியும் பஸ் நிலையத்துக்குப் போய்க் கூப்பிட்டபோது அச்சகக்காரர் சொன்னார்: "இருக்குதுங்க சிஸ்டர். என்னோட மொதல் பதிவுங்க, அழிக்க மனசு வரலீங்க. ஞாயித்துக்கெழம எடுத்துட்டு வாரேன்."

சார் இப்போது ஓய்வு பெற்றுக் கீழே போய்விட்டார். அந்தக் குடியிருப்பில் வேறொரு குடும்பம், பின்வாசலில் துணி காய்கிறது. கல்லாற்றில் எஞ்சின் இன்றும் ஏறுகிறது. போனில் படம் பிடிப்பவர்கள் கூடியிருக்கிறார்களாம், யாரும் யாரையும் பேசாதே என்று அதட்டுவதில்லையாம். ஆனால் அந்த ஞாயிறு எனக்குள் கலையாமல் இருக்கிறது. பனி வாசற்படி வரை வந்துவிட்டிருந்தது. மூவரும் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார்கள், நான் நிலைப்படியில் சாய்ந்து நின்றேன். அச்சகக்காரர் பதிவைத் தொடங்கினார். இலைச் சத்தம், தூக்குச்சட்டி மூடி திறக்கும் சத்தம். பிறகு பனிக்குள்ளிருந்து அக்கா பேசினார்.

"இந்தாங்க தம்பி, வண்டி வாரதுக்குள்ள ரெண்டு வாய் தின்னுருங்க. மொளகா வத்தல் வேணுங்களா? எங்கூட்டுக்காரரப் பாருங்க, வெயில்ல காஞ்சுட்டு நிக்கறாரு. கொடையப் புடிச்சா காத்துச் சத்தம் வருதும்பாரு." சிரிப்பு. ஊதல் கேட்டது. எஞ்சின் தோப்புக்குள் நுழைந்து ஒவ்வொரு மூச்சாக நெருங்கியது. "ஏனுங்க, உங்களத்தானுங்க, இங்க ஒரு நிமிசம்…" என்று அக்காவின் குரல் உயர்ந்தது. அதற்கு மேல் எஞ்சின் முழுவதுமாக வந்து மூடிக்கொண்டது. இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நிறைவாக ஒரு நீராவி எஞ்சினை அந்தப் பின்வாசலில் யாரும் கேட்டதில்லை. வங்கிக்காரர் தன்னை மறந்து தலையை ஆட்டினார்.

சார் கண்ணைத் திறந்துவிட்டார். நாற்காலியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, காதை அதன்மேல் வைத்துக் குனிந்தார்.

"அந்த எஞ்சினக் கொஞ்சம் கம்மி பண்ண முடியுங்களா?" என்றார். "அவ என்னமோ சொல்றா."