திட்டு வாங்காத தம்பி

எங்கள் அப்பாவுக்கு வாய் நீளம். மாவு மூட்டை இறக்குகிறவர், பால்காரர், அம்மா, நான் என்று அவரிடம் திட்டு வாங்காதவர்கள் எங்கள் பேக்கரிப் பக்கம் யாருமில்லை. ரொட்டி உப்பி வராவிட்டால் வானத்தைக்கூடத் திட்டுவார். தப்பித்த ஒரே ஆள் சித்தப்பா.

சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் கீரியும் பாம்புமாக இருந்தார்களாம். சித்தப்பா ஒரு தட்டைக் கீழே போட்டால் அப்பாவின் குரல் தெருக்கோடி வரை கேட்குமாம். அப்புறம் போர் வந்தது. வீட்டுக்கு ஒருவர் வந்தாக வேண்டும் என்று உத்தரவு. அப்பாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் அம்மா வயிற்றில். "நான் போறேன்" என்று சித்தப்பா சொன்னபோது அப்பா தடுக்கவில்லை. பேச்சுக்காவது ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று அம்மாவிடம் இன்றைக்கும் புலம்புவார். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு என்றுதான் நான் வளர்ந்தேன்.

சித்தப்பா ஒரு காது கேட்காமல், இடது கையில் இரண்டு விரல் இல்லாமல் திரும்பி வந்தார். அன்றிலிருந்து அப்பா அவரை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். அடுப்புப் பக்கம் விடமாட்டார், மாவில் கைவைக்க விடமாட்டார். கல்லாவில் மின்விசிறிக்கு அடியில் ஒரு மெத்தை நாற்காலி. எழுந்தால் போதும், "நீ உக்காருடா" என்பார். பார்க்கிற எனக்கே மூச்சு முட்டும். அதைச் சொல்லி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

ஊரிலிருந்து போருக்குப் போனவர்களுக்கு நூலகத்தின் முன்னால் நினைவுக்கல் வைக்கலாம் என்று பேச்சு வந்ததும், ஓடியாடி வேலை பார்த்தவர் அப்பாதான். கல்லில் எல்லார் பெயரும் இருக்கும். உயிரோடிருப்பவர்களுக்கு மேடையில் இடம். தம்பியை அங்கே உட்காரவைத்துவிட்டால் தன் மனசு ஆறிவிடும் என்று நம்பினார். சித்தப்பாவோ வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார்.

விழா நாள் காலையில் மேடையில் நாற்காலி போட்டுவிட்டு நானும் அப்பாவும் கடைக்குத் திரும்பி வந்தபோது கல்லாவில் ஆள் இல்லை. உள்ளே போனோம். சித்தப்பா ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றிருந்தார்.

"ஊரே காத்துட்டிருக்குடா. கொஞ்ச நேரம் வந்து உக்காரேன்" என்றார் அப்பா.

"எதுக்கு?"

"எதுக்கா? உன் இடத்துல நான் போயிருக்கணும். அதுக்குத்தான்."

"தெரியும். வந்த நாள்லேருந்து உன் மூஞ்சில அதத்தான பாக்கறேன். நீயா என்னை அனுப்பின? நானாதான போனேன்." சித்தப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். மாவுல தண்ணி கூடிப்போனா மண்டையில குட்டுவான். அவன்கிட்டதான் திரும்பி வந்தேன். வந்து பாத்தா ஆளையே காணோம்."

அப்போதுதான் தீயும் வாசனை வந்தது. சித்தப்பாவுக்கும் வந்திருக்கும், மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லையே. ஆனால் அவர் அசையவில்லை. புகை கிளம்பிய பிறகுதான் நிதானமாகத் தட்டை இழுத்து மேசையில் வைத்தார். விழாவுக்கு வருகிறவர்களுக்காக அப்பா விடியலில் உருட்டி வைத்திருந்த பன்கள், அத்தனையும் கரிக்கட்டை. வைத்துவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. திட்டுங்களேன் அப்பா, ஒரே ஒரு தடவை திட்டித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கத்தினேன். வேறு யாராவது செய்திருந்தால் அவர்களுடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார்.

அப்பாவின் முகம் சிவந்தது. உதடு துடித்தது. வாயைத் திறந்தேவிட்டார்.

"பரவால்லடா" என்றார். "கையில சூடு ஏதும் பட்டுடலையே?"

சித்தப்பா ஏப்ரனை அவிழ்த்துப் போட்டார்.

"சரி வா, மேடையிலயே போய் உக்காந்துக்கறேன். இங்க மட்டும் வேற என்ன பண்ணிட்டிருக்கேன்?"

அப்பா அவருக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.