இரண்டெழுத்தில் நின்றுபோன கணினி

ரெங்கசாமியின் குரலை மட்டும் கேட்டவர்கள் அவரை ஆறடி ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். நேரில் பார்த்தால் குள்ளம், ஒல்லி, கழுத்துப் பட்டன் வரை மாட்டிய சட்டை, கையில் மடக்குகிற வெள்ளைக்கோல். கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. கிளை அலுவலகங்களின் எண்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். கார் மோதிவிட்டது என்று பதறிக்கொண்டு கூப்பிடுகிறவர்கள்கூட அவரிடம் ரெண்டு வார்த்தை பேசியதும் நிதானத்துக்கு வந்துவிடுவார்கள்.

பந்திங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். தவழ்ந்து நடந்து ஓடத் தொடங்கிய வயதில் தட்டம்மை வந்து கண்ணைக் கொண்டுபோனது. ஜொகூரில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் படித்தார். ஆங்கிலமும் மலாயும் பிரெயில் புள்ளிகளாக விரலுக்கு வந்தன. தமிழ் வாயோடு நின்றுவிட்டது. அச்சில் எழுத்துகள் எப்படி வளையும், எப்படி நிற்கும் என்று அவருக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள அவசியமும் வந்ததில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். சமைப்பார், துவைப்பார், பஸ் ஏறி வேலைக்குப் போவார். ஒரே ஒரு விஷயம்தான் அவரை அறுத்துக்கொண்டே இருந்தது: வாசித்துக் காட்டச் சொல்லி யாரிடமாவது போய் நிற்பது. வாசிப்பவர்கள் சும்மா வாசிப்பதில்லை. "கரண்டு பில்லு ஏன் இவ்வளவு ஆயிருக்கு?" என்று கேட்பார்கள். பேப்பரில் பாதியைத் தாண்டிவிட்டு, "மத்ததெல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத நியூஸ்" என்பார்கள். சாப்பாட்டுக்கடைக்குக் கூட வந்த நண்பரிடம், "அவருக்கு என்ன வேணுமாம்?" என்று பரிமாறுகிறவன் கேட்பான். ரெங்கசாமி எதிரில்தான் உட்கார்ந்திருப்பார்.

இந்த நிலையை மாற்றியது கார்த்திகேசு. அதே நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்தவன், பின்னால் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலைக்கு மாறிப்போனான். அலுவலகக் கணினிகள் எல்லாம் படத்துக்கும் மௌஸுக்கும் மாறிக்கொண்டிருந்த நேரம் அது. "உங்களுக்கு அது சரிப்படாதுலா ரெங்கா. லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு. படமே கிடையாது, முழுக்க எழுத்து. எழுத்தா இருந்தா பெட்டி பேசும்" என்று சொல்லி, ஒரு பழைய கணினியைக் கொண்டுவந்து பூட்டிக் கொடுத்தான். கூடவே பேசும் பெட்டி ஒன்று. திரையில் வரும் எழுத்தை மூக்கடைத்த வெள்ளைக்காரன் குரலில் அது சொல்லும். டெலிபோன் கம்பி வழியே இணையமும் வந்தது. முதல் நாள் காலையில் ரெங்கசாமி செய்தித்தாள் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை, விளையாட்டையும் மரண அறிவிப்பையும் விடாமல், காப்பி ஆறிப்போக வாசித்தார். யாரும் நடுவில் எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மெல்ல மெல்ல அவர் யார் கதவையும் தட்டுவதை நிறுத்திவிட்டார். அக்கம்பக்கத்தில், 'ரெங்கசாமிக்குக் கொஞ்சம் தலைக்கனம்' என்று பேச்சு வந்தது. அவர் காதில் விழாமல் இல்லை.

தொண்ணூற்றெட்டில் லினக்ஸின் புதிய பதிப்பு வந்தது. கார்த்திகேசு குறுந்தட்டு அனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து தானே போட்டுத் தருவதாகவும் சொன்னான். ரெங்கசாமிக்கு ஞாயிறுவரை பொறுமையில்லை. அதைவிட, தன் கணினியைத் தானே புதுப்பித்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். பெட்டி ஒவ்வொரு பகுதியாகப் பெயர் சொல்ல, இவர் ஒவ்வொன்றாக ஏற்றினார். எங்கும் தடங்கல் இல்லை. கடைசியில் கணினியை மறுபடி தொடக்கச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

பெட்டி பேசவில்லை.

அணைத்துவிட்டு மறுபடி போட்டார். உள்ளே வட்டு சுழல்கிற ஓசை எழுந்தது, சின்னதாக ஒரு கறமுறா, அப்புறம் ஒன்றுமில்லை. கணினியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். விசிறி மட்டும் ஓடியது. கணினி முழுதாக எழுந்தால்தான் பெட்டிக்கு உயிர் வரும். எழாமல் போனதற்கான காரணம் எதுவோ, அது திரையில் எழுதித்தான் இருக்கும். திரை அவருக்கு வெறும் கண்ணாடி.

வேலைநாள். மாடி முழுக்க ஆளில்லை. பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். அடுத்த வீட்டு வீரம்மா மட்டும் இருந்தாள். காப்பார் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்தவள், ஒரு ஹோட்டலின் லாண்டரியில் மத்தியான ஷிப்டு. அவளை எடுத்துப்போக வேன் வரும்வரை வீட்டில் இருப்பாள். ரெங்கசாமி அவள் கதவு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தட்டினார்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல என்ன எழுதியிருக்குன்னு ஒரு வார்த்தை பாத்துச் சொல்ல முடியுமா?"

"நானா?" என்று சிரித்தாள் வீரம்மா. "தமிழே எழுத்துக்கூட்டித்தான் தம்பி படிப்பேன். சரி, வரேன்."

வந்து திரையைப் பார்த்தாள். "கறுப்பா இருக்கு. மேல மூலையில ரெண்டே ரெண்டு எழுத்து நிக்குது."

"என்ன எழுத்து?"

"இங்கிலீசு. எனக்கு எங்க தெரியும்? முதல்ல ஒரு குச்சி நிக்குது, அதுக்குக் காலு ஒண்ணு வலது பக்கம் நீட்டியிருக்கு. ரெண்டாவது வெறும் குச்சி."

அவள் சொன்னது தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கால் நீட்டிய குச்சி எந்த எழுத்து என்று ரெங்கசாமிக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் தொழிற்சாலைக்குப் போன் போட்டார்.

"கார்த்தி, ஏறவே மாட்டேங்குது. பக்கத்து வீட்டு அக்கா இருக்காங்க, ஆனா அவங்களுக்கு ஏபிசி ஒண்ணும் தெரியாது. சொன்னாலும் புரியாது. சூசாவா இருக்குலா, ரொம்பக் கஷ்டம்."

"போனை அவங்ககிட்ட குடுங்க" என்றான் கார்த்திகேசு.

வீரம்மா ரிசீவரை வாங்கிக் குச்சிகளைப் பற்றி மறுபடி சொன்னாள். மறுமுனையில் உடனே பிடிபட்டது. எல், ஐ. கணினி தொடங்கும்போது 'லிலோ' என்று நான்கு எழுத்து வரவேண்டும். அதுதான் கணினியை எழுப்பிவிடுகிற நிரல். புதுப்பித்தபோது அதன் ஒரு பாகம் வட்டில் வேறு இடத்துக்குப் போய்விட்டது. புது இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லும் கடைசிக் கட்டளையை ரெங்கசாமி கொடுக்கவில்லை. பழைய இடத்தில் தேடிப் பாதிப் பேரோடு நிற்கிறது. துவக்க பிளாப்பியைப் போட்டு எழுப்பி, 'லிலோ' கட்டளையை ஒருமுறை ஓட்டினால் போதும். இதையெல்லாம் கார்த்திகேசு வீரம்மாவிடம் சொன்னான். வீரம்மா ரெங்கசாமியிடம் திருப்பிச் சொன்னாள்.

"பிளாப்பி வச்சிருக்காரான்னு கேக்குறாரு..." ரெங்கசாமி தலையாட்டினார். "ம், வச்சிருக்காராம்... அவரே போடுவாரா, இல்ல நான் போட்டுக் குடுக்கணுமாங்கிறாரு... சரி சரி, நானே கையப் புடிச்சு..."

"நான் இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினார் ரெங்கசாமி. கை நீட்டித் துழாவி ரிசீவரைப் பிடுங்கினார். "எங்கிட்ட பேசத் தெரியாதா ரெண்டு பேருக்கும்? என் கம்ப்யூட்டர் இது!" என்று சொல்லிப் போனை அறைந்து வைத்தார்.

வீரம்மாவின் செருப்போசை கதவுவரை போனது, கதவு சாத்திக்கொண்டது.

கோபத்தோடு பிளாப்பியைத் தேடியெடுத்துத் தானே போட்டார். அது கொரகொரவென்று ஓடியது. குத்துமதிப்பாக என்டரைத் தட்டினார். ஓடிக்கொண்டே இருந்தது. ஏறுகிறதா, திணறுகிறதா? பொறுத்துப் பார்த்தார், பிறகு செத்துப்போயிற்று என்று எண்ணி அணைத்துவிட்டார். அணைத்த அந்த நொடியில் உள்ளே வட்டு மும்முரமாகச் சுழன்றுகொண்டிருந்தது காதில் விழுந்தது. அவசரப்பட்டுவிட்டோம் என்று புரிந்தது.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். முதலில் கார்த்திகேசுவின் மேல் கோபம் வந்தது. இத்தனை வருஷம் பழகியவன், அவனே இப்படி. கோபம் அடங்கியபோது, போனில் தான் பேசிய பேச்சு தன் குரலிலேயே திரும்பக் கேட்டது. அவங்களுக்கு ஏபிசி தெரியாது, சொன்னாலும் புரியாது. வீரம்மா கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பற்றி, அவள் அங்கே இல்லாத மாதிரிதான் பேசியிருந்தார்.

எழுந்து போய்க் கதவைத் தட்டினார். உள்ளே மிளகாய்ச் சம்பல் வதங்கும் நெடி.

"அக்கா, நான் பேசுனது தப்பு."

"கத்துனதா?" என்றாள் அவள். கரண்டியின் ஓசை நிற்கவில்லை. "எங்க சூப்பர்வைசர் தெனமும் கத்துறான். அது பழகிப்போச்சு."

"அது இல்ல. உங்களுக்குப் புரியாதுன்னு சொன்னேன்ல, அது."

கரண்டி நின்றது. "நீங்க சொன்னதுல பொய் இல்ல தம்பி. தெரியாதுதான். ஆனா நான் பக்கத்துல நிக்கிறப்ப முன்னப்பின்ன தெரியாத ஆம்பளகிட்ட அத ஏன் சொல்லணும்? எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு."

"எனக்கும் அப்படித்தான்க்கா ஆச்சு. நீங்க ரெண்டு பேரும் என்னைப் பத்திப் பேசுனப்ப."

அடுப்பை அணைக்கும் ஓசை கேட்டது. "வாங்க. வேன் வர்றதுக்குள்ள பாத்துருவோம்."

கார்த்திகேசுவை மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார்கள். வேலைத்தளத்துக்குள் போய்விட்டான், கூப்பிட முடியாது என்றார்கள். இருவர்தான். பிளாப்பியைப் போட்டுக் கணினியை முடுக்கினார் ரெங்கசாமி. திரையில் ஏதோ ஒரு சொல் வந்து நின்றது.

"குட்டி குட்டியா நாலு எழுத்து. நடுவுல ரெண்டும் முட்டை" என்றாள் வீரம்மா. பிறகு குனிந்தாள். "தம்பி, இந்த பட்டன்லயும் எழுத்து இருக்கே. அங்க இருக்கிறத இங்க தேடித் தொட்டுக் காட்டுனா உங்களுக்குத் தெரியுமா?"

ரெங்கசாமி நிமிர்ந்தார். விசைப்பலகையின் ஒவ்வொரு விசையும் அவருக்கு விரல்நுனியில் பாடம். ஏன் இது தோன்றாமல் போயிற்று? "காட்டுங்கக்கா!"

அவள் தேடினாள். முட்டை கிடைத்தது, மற்றவை கிடைக்கவில்லை. "முதல் எழுத்துக்கு வயிறு கீழ தள்ளியிருக்கு. அந்த மாதிரி இங்க இல்லையே."

விசையில் பெரிய எழுத்து, திரையில் சின்ன எழுத்து. ரெங்கசாமி யோசித்தார். பின்பு ஏ-யிலிருந்து இசட் வரை வரிசையாகத் தட்டினார். "இப்ப நான் தட்டுனது திரையில ஒரு வரியா வந்திருக்கா? அதுல உங்க வயித்து எழுத்து எத்தனாவது?"

"ஆத்தாடி... இதோ! ரெண்டாவது."

பி. அப்புறம் ஓ, ஓ. கடைசி எழுத்தைத் தேட அவள் விரலால் எண்ணிக்கொண்டே போனாள். டி. 'பூட்'. எதை எழுப்பவேண்டும் என்று கேட்டு நிற்கிறது. தட்டிய வரிசையை அழித்துவிட்டு என்டரைத் தட்டினார். கொரகொரப்பு கேட்டது. இந்தமுறை வீரம்மா, "ஓடுது, ஓடுது, மழை மாதிரி ஓடுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்; அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"நின்னுருச்சு. நெறைய எழுதியிருக்கு. சிலது பெரிய எழுத்து."

"பெரிசை மட்டும் காட்டுங்க."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி விசையின் மேல் தன் விரலை வைத்தாள். அவர் அவள் விரல்மேல் தன் விரலை வைத்து அறிந்தார். எம், ஏ, என், யு... பாதியிலேயே பிடிபட்டது: 'மேனுவலி'. இடையில் அணைத்ததால் வட்டில் பதிவுகள் குழம்பிக் கிடக்கின்றன, கையால் ஓட்டிச் சரிபார்க்கச் சொல்கிறது. தன் அவசரத்தின் பலன். கடவுச்சொல்லைத் தட்டினார், சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தார், கேட்கிற கேள்விக்கெல்லாம் 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். முடிந்ததும் மறுபடி பிளாப்பியிலிருந்து எழுப்பினார்.

மூக்கடைத்த குரல் வந்தது. "லாகின்."

வீரம்மா துள்ளிப் பின்னால் போனாள். "அலாமாக்! யாரு அது?"

"பெட்டி. யாரு வந்திருக்கிறதுன்னு கேக்குது." பெயரைத் தட்டி உள்ளே போய், விட்டுப்போன அந்தக் கட்டளையைக் கொடுத்தார். சேர்த்துவிட்டேன் என்றது பெட்டி. பிளாப்பியை உருவிவிட்டு மறுபடி தொடக்கினார்.

"இப்ப நாலு எழுத்து தம்பி. கடைசியில ஒரு முட்டை" என்றாள் அவள். அதே நேரம் கீழே வேனின் ஹாரன் அடித்தது. "நான் போறேன், சம்பல் சட்டியில இருக்கு, பூனை வந்துரும்" என்று ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை கார்த்திகேசு வந்தான். வந்ததும் வராததுமாக, "சாரி ரெங்கா. அன்னிக்கு நான் யோசிக்கவே இல்ல" என்றான். ரெங்கசாமி அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அடுத்த வருஷம் நிறுவனத்தில் தானாகப் பதில் சொல்லும் இயந்திரம் வந்து ஆபரேட்டர் வேலை போனது. அவரைப் புகார்ப் பிரிவில் போட்டார்கள். அங்கே மனிதர்கள் இன்னும் கூடுதலாகப் பதறினார்கள். அவர் குரல் அங்கேயும் வேலை செய்தது. இதற்கிடையில் அவர் மறுபடி மாடிக் கதவுகளைத் தட்டத் தொடங்கியிருந்தார், அரிதாகத்தான். யாராவது நடுவில் கருத்துச் சொன்னால் முன்போல முகம் இறுகாது. "முதல்ல வாசிங்க, அப்புறம் ரெண்டு பேரும் சேந்து திட்டுவோம்" என்பார்.

ஒரு லீவு நாளில் வீரம்மா தானாகவே வந்தாள். அந்த ஏ-இசட் வரிசையை இன்னொருமுறை தட்டிக் காட்டச் சொன்னாள். தட்டினார். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எந்தெந்த எழுத்து என்று கேட்டுக் கேட்டு ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தாள். பெட்டி அதை வாசித்தது. வெள்ளைக்காரன் வாயில் அது 'வியராமா' என்று வந்தது.

"இவனுக்கு என் பேரு சொல்லத் தெரியலையே!" என்றாள் அவள்.

"இன்னொரு 'எம்' போட்டுப் பாருங்க" என்றார் ரெங்கசாமி.

போட்டாள். அப்போதும் தப்பாகத்தான் சொன்னது. இருவரும் சிரித்தார்கள். அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.