மூன்றாவது ஊசிக்கு இடம் காட்டியவள்

பேய் ராத்திரியில்தான் வரும் என்பவர்கள் இதை நம்ப வேண்டாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. 1941 சித்திரையில், பட்டப்பகலில், பன்னிரண்டு பத்துக்கு இது நடந்தது. என் பெயர் சந்தனமேரி. சொந்த ஊர் ஆவூர். அப்போது அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான்.

சோலையப்பன் என்ற விவசாயியை மாட்டுவண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். இருபது நாளாகக் குளிர்காய்ச்சல். கொய்னா மாத்திரைக்குக் கேட்கவில்லை. வலது தோளில் வலி, விலாவுக்குக் கீழே வீக்கம். ஈரலில் சீழ்க்கட்டி என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதற்கு விலா எலும்புகளின் இடுக்கில் விரல்நுனியால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். கட்டிக்கு நேரே வந்ததும் நோயாளி துள்ளுவார். அங்கே ஊசியைக் குத்திச் சீழை இழுக்க வேண்டும்.

ஆனால் வீட்டில் கட்டி கரையும் என்று வலது விலா முழுக்கச் சூடு போட்டிருந்தார்கள். புண் ஆறவில்லை. எங்கே தொட்டாலும் துள்ளினார். 

இரண்டு தடவை குத்தினோம். வெறும் ரத்தம்தான் வந்தது.

"இன்னும் ஒரே ஊசிதான் மேரி. அதுக்கு மேல இவரு தாங்கமாட்டாரு" என்றார் டாக்டர். ஊசியைக் கொதிநீரில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

பன்னிரண்டு பத்து.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றாள். இருபது வயதிருக்கும். சொந்தக்காரி என்று நினைத்தேன். ஆனால் வாசலை மறித்து நின்றது நான்... என்னைத் தாண்டாமல் எப்படி வந்தாள்?

ஜன்னல் துணி காற்றில் ஆடியது. அவள் சேலை ஆடவில்லை.

தோல் கருகுகிற வாடை வந்தது.

தளதளவென்று கொதித்த தண்ணீரின் சத்தம்... நின்றுபோனது. ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது.

"யாரும்மா நீங்க?"

அவள் ஒரு விரலை அவர் விலாவில் வைத்து அழுத்தினாள்.

சோலையப்பன் அலறினார். அதுவரை அப்படி அலறவில்லை.

இன்னும் அழுத்தினாள்...

அவர் கண் செருகியது.

பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் அதைவிட அதிகம். அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன்.

"எடுடி கைய! இவரு என் நோயாளி!"

கை சுட்டது. விடவில்லை.

என்னைப் பார்த்தாள்...

என் பிடியில் ஒன்றுமில்லை. தண்ணீர் மறுபடி தளதளத்தது.

பன்னிரண்டு பதினொன்று.

அவள் அழுத்திய இடத்தில் ஒரு குழி. நிரம்பாமல் அப்படியே நின்றது. அதைச் சுற்றி அயோடினால் வட்டம் போட்டேன். டாக்டர் கை கழுவிவிட்டு வந்தார்.

"இங்க குத்துங்க டாக்டர்."

"எப்படிச் சொல்றே?"

"குத்துங்க. நான் சொல்றேன்."

மஞ்சள் சீழ் வந்தது. நாற்றம் அறை முழுக்கப் பரவியது. "சீதபேதியால வந்த கட்டின்னா காபி நிறமா இருக்கும். இது வேற கிருமி" என்றார் டாக்டர். ரப்பர் குழாய் வைத்து வடியவிட்டோம். சல்ஃபா மாத்திரை கொடுத்தோம். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. சோலையப்பன் பிழைத்துக்கொண்டார்.

காய்ச்சல் விட்ட மறுநாள் கட்டு மாற்றும்போது கேட்டேன்.

"அன்னிக்கு ஒங்கள அழுத்துன பொம்பள யாரு?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எந் தங்கச்சி சொர்ணவல்லி. ஆறு வருசத்துக்கு முன்னாடி அதுக்கும் இதே காய்ச்சல் நர்ஸம்மா. 'இங்கிட்டுத்தாண்ணே வலிக்குது'ன்னு வெரல வச்சுக் காட்டுச்சு. அந்த எடத்துலயே நான்தான் கம்பியக் காச்சி வச்சேன். விடியறதுக்குள்ள போயிருச்சு."

அவள் பழிவாங்க வந்தாளா, இடம் காட்ட வந்தாளா? எனக்குத் தெரியாது. எதற்கு வந்திருந்தாலும் சரி. மறுபடி வந்தால் மறுபடியும் அந்தக் கையைப் பிடிப்பேன்.

என் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். குறுக்கே நீளமாக ஒரு கொப்புளம். அதன் நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

சோலையப்பன் அந்த வளைவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அதே கம்பிதான் நர்ஸம்மா... தங்கச்சி போன அன்னிக்கே அதைக் கெணத்துல போட்டுட்டேனே!"