பாட்டு திரும்பும் இடம்

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நாலு பேர் வாசிப்பார்கள். பதினாறு வருஷமாக அவர்களை விடாமல் கேட்டு வருகிறேன். ஜாம் பேண்டு. ஒரு பாட்டை எடுத்தால் அரைமணி நேரம் கீழே வைக்க மாட்டார்கள். எழுதி வைத்து வாசிப்பதெல்லாம் கிடையாது. ஒருவர் ஒன்றைப் போட, மற்றவர் அதைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ போவார். முடியப்போவதுபோல் வரும், முடியாது. நிறுத்தாமல் அப்படியே அடுத்த பாட்டுக்குள் திரும்பிவிடும்.

அந்தத் திருப்பத்தைக் கண்டுபிடிப்பவர் கையைத் தூக்க வேண்டும். கேட்க வருகிற நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம் இது. பரிசு கிரிசு ஒன்றும் இல்லை. கிதார்க்காரர் மெல்லிய கம்பியில் அடுத்த பாட்டின் நாலைந்து சுரத்தை ஒளித்து வைப்பார். அது காதில் விழுந்ததும் கை மேலே போகும். அவர் பார்த்துத் தலையாட்டுவார், பேண்டு திரும்பும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்: முதல் கை பெரும்பாலும் என்னுடையதாக இருக்கும்.

நான் பிரஸ் ஷாப்பில் வேலை செய்பவன். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடிக்கிற இடம். ஞாயிறு ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே சூப்பர்வைசரிடம் கெட்ட பேர் வாங்கினேன். பெண் பார்த்த மறுவாரம் அவளை அந்த ஹாலுக்குத்தான் கூட்டிப்போனேன். வழக்கத்தைச் சொன்னேன், சிரித்தாள். மூன்றாவது பாட்டில் கையைத் தூக்கினாள், அதுவும் எனக்கு முன்னால். கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன். முதல் கம்பெனியை மூடி எங்களை வெளியே அனுப்பியபோதும் அந்த பேண்டுதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. ஒருவர் தப்பாக வாசித்துவிட்டால் அவர்கள் நிறுத்த மாட்டார்கள். அந்தத் தப்பையே இன்னொரு தடவை வாசித்து, அதிலிருந்தே வழி போடுவார்கள். அதைக் கேட்ட மறுநாள், திங்கட்கிழமை காலையில் வேலை தேடிக் கிளம்பிவிட்டேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, விறைப்பாகக் கையைத் தூக்கினேன். பேண்டு எங்கேயும் திரும்பவில்லை. முன்வரிசையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து என்னைச் சுற்றிப் பத்துக் கைகள் எழுந்தன. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

காது டெஸ்டுக்குக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாதி டெஸ்டு முடிந்தே போயிருந்தது. மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டது, இனி வராது என்றார்கள். கம்பெனியில் கொடுத்த காதடைப்பானை வருஷக்கணக்காகப் பாக்கெட்டிலேயே வைத்திருந்த மகானுபாவன் நான்.

தங்கவயல் சுரங்கத்தில் டிரில் பிடித்த என் அப்பாவுக்கும் காது இப்படித்தான் போனது. ‘செவிடன் காதுல ஊதுன சங்கு’ என்று அவர் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன், கேட்காது என்ற தைரியத்தில். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

காது மெஷின் வந்தது. மாட்டிக்கொண்டு, செல்போனில் அந்த பேண்டின் பதிவைப் போட்டேன். தகர டப்பாவில் ஆணியைப் போட்டு உருட்டியதுபோல் இருந்தது. கழற்றி அலமாரிக்குள் போட்டேன். ரெண்டு ஞாயிறு ஹால் பக்கமே போகவில்லை. மூன்றாவது ஞாயிறு என் மனைவி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“நா போறேன். நீ இங்கியே குந்திக்கினு வீம்பு புடி. பாட்டு உனுக்கோசரம் நிக்காது.”

சுருக்கென்றது. அவள் தெருமுனை தாண்டியதும் அலமாரியைத் திறந்தேன்.

அதற்கப்புறம் ரெண்டு மாசம் ஹாலுக்குப் போகவில்லை, தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அரைமணி நேரம் மெஷினோடு பயிற்சி. ஹாலுக்கு வருகிறவர்கள் செல்போனில் பதிவு செய்து ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொள்வோம். அது என்னிடம் மலைபோல் இருந்தது. என் மனைவி எதிரே உட்கார்ந்து, திருப்பம் வரும்போது கையைத் தூக்குவாள். எனக்கு ஆணிச் சத்தம்தான். திரும்பப் போடு என்பேன். எங்கள் ஏரியா ஜீவனஹள்ளிக்கே இந்தப் பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டில் கிண்டல் செய்தார்கள். ஆகட்டும். மறுபடி போடு. ஒருநாள் அந்த ஆணிச் சத்தத்துக்குள் கிதார் இருந்தது. அழுதுவிட்டேன், அதில் என்ன வெட்கம்.

அடுத்த ஞாயிறு ஹாலுக்குப் போனேன். முதல் திருப்பம். கிதார்க்காரர் அந்த நாலு சுரத்தை வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். ஐந்தாறு தடவை வந்தபின் எனக்குப் பிடிபட்டது, கை மேலே போனது. அவர் தலையாட்டினார், பேண்டு திரும்பியது. ஹால் முழுக்கக் கைதட்டல்.

அப்போதுதான் உறைத்தது. வேறு ஒரு கைகூட எழவில்லை. பக்கத்தில் என் மனைவி ரெண்டு கையாலும் கைப்பையை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷம் கேட்டவள், அவளுக்கா கேட்டிருக்காது? இவள்தான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்க வேண்டும். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

இடைவேளையில் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த கிதார்க்காரரிடம் போனேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர்.

“எனக்குப் பிச்ச போடாதப்பா. நீ எப்பவும் வாசிக்கிற மாதிரி வாசி.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “பிச்ச இல்லண்ணா. இத்தினி வருசமா உங்க கையப் பாத்துதான் திரும்பறேன். நீங்க வராதப்போ எங்க திரும்பறதுன்னே தெரியாம நாலு வாட்டி சொதப்பினேன்.”

ஆனாலும் நான் விடவில்லை.

“அப்ப நீயும் பழகிக்கோ. நானும் பழகிக்கிறேன். எனக்காக நிறுத்துனா நா வரமாட்டேன்.”

அதற்கடுத்த ஞாயிறு அவர் காத்திருக்கவில்லை. என் மனைவியின் கை முதலில் எழுந்தது, பின்னால் ஏழெட்டுக் கைகள். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். பேண்டு அடுத்த பாட்டுக்குள் போய், அது பாதி தூரம் ஓடிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. கையைத் தூக்கினேன். மற்ற கைகளெல்லாம் எப்போதோ இறங்கிவிட்டிருந்தன. கிதார்க்காரர் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. தோள் வலிக்கும்வரை நான் இறக்கவில்லை.